அறுநூத்தி முப்பத்தி நாலு ஓட்டு

எலக்‌ஷன் டியூட்டி ஆர்டர் வருதுன்னு தெரிஞ்சா போதும், எங்க ஸ்டாஃப் ரூமுக்கே வியாதி வந்துரும். நேத்து வரைக்கும் மூணு மாடி ஏறி இறங்கினவங்களுக்குத் திடீர்னு முட்டி வலி. பி.டி. சாருக்கு வீசிங். நான் மட்டும் யோக்கியம்னு சொல்ல மாட்டேன், நானும் ஒரு தடவை பித்தப்பையில கல்லுன்னு ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு அலைஞ்சவதான். ஆனா எங்க கணக்கு வாத்தியார் அன்புச்செல்வன் சார் இருக்காரே, அந்த ஆர்டரைக் கையில வாங்கினதும் கல்யாணப் பத்திரிகை வந்த மாதிரி திருப்பித் திருப்பிப் படிப்பாரு. "டீச்சர், இந்தத் தடவை எந்தப் பக்கம் போடறாங்களோ"ம்பாரு. எனக்கு எரிச்சலா வரும். "ஏன் சார், உங்களுக்கு வீடு வாசல் கிடையாதா?"ன்னு கேப்பேன். சிரிச்சிக்கிட்டே போயிடுவாரு.

நான் பேட்ரிசியா. வீடு மன்னார்புரத்துல. அதே கவர்மென்ட் ஸ்கூல்ல இங்கிலீஷ் டீச்சர். வாய் நீளம், கோவம் அதைவிட நீளம், யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. இருபத்தி மூணு வருஷமா எனக்கும் அவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவரைப் பத்தி எழுதணும்னா நான்தான் எழுதணும். வேற யாரும் எழுத மாட்டாங்க, ஏன்னா எழுதற மாதிரி அவரு வாழ்க்கையில ஒண்ணும் நடக்கல. அந்த ஒரு நாளைத் தவிர.

அவரு பொறந்தது எடமலைப்பட்டி புதூர். அப்பா சைக்கிள் கடை வெச்சிருந்தாரு. டெட் எழுதி, டி.ஆர்.பி. எழுதின்னு இப்ப இருக்கிற தொல்லையெல்லாம் வர்றதுக்கு முன்னாடியே வேலைக்கு வந்துட்டாரு. கல்யாணம் ஆனதும் ஸ்ரீரங்கத்துல அடையவளஞ்சான் தெருவுல வாடகைக்குப் போனவரு, இன்னும் அதே வீடு. சம்சாரம் யமுனா, பிளவுஸ் தைப்பாங்க. வைகுண்ட ஏகாதசி சமயத்துல தெருவுக்குள்ள வண்டி வர முடியாது, காவேரிப் பாலத்துலேருந்தே டி.வி.எஸ்.ஸை உருட்டிக்கிட்டு வருவேன்னு சொல்லுவாரு. அதைக்கூட குறையா சொல்ல மாட்டாரு, செய்தியா சொல்லுவாரு. அப்படி ஒரு மனுஷன்.

கிளாஸ் லீடர் தேர்ந்தெடுக்கறதுக்குக்கூட அவருக்கு எலக்‌ஷன் வேணும். மத்த கிளாஸ்ல எல்லாம் நெட்டையா இருக்கிறவன் லீடர், முடிஞ்சது சோலி. அவரு கிளாஸ்ல பெஞ்சுக்குப் பின்னாடி அட்டையை நிறுத்தி மறைப்பு கட்டி, ஒவ்வொருத்தரா போய் சீட்டு எழுதிப் போடணும். எண்ணும்போது ஒவ்வொரு சீட்டையும் தூக்கிக் காமிப்பாரு. தோத்த பிள்ளைக்குப் போட்ட ரெண்டு சீட்டையும் விடாம காமிப்பாரு. "ரெண்டு பேர் உன்னை நம்பியிருக்காங்க, தெரிஞ்சுக்கோ"ம்பாரு.

இன்னொரு குணம் உண்டு. லேட்டா வர்றவங்களை அவரால வெளியில நிறுத்த முடியாது. பாதிக் கணக்கு முடிஞ்சப்புறம் ஒரு பிள்ளை வந்து நின்னா, போர்டை அழிச்சிட்டு முதல்லேருந்து ஆரம்பிப்பாரு. பக்கத்து கிளாஸ்லேருந்து எனக்குக் கேக்கும், ஒரே கணக்கு மூணு தடவை. தலையில அடிச்சிப்பேன்.

போன சட்டசபை எலக்‌ஷனுக்கு ரெண்டு பேருக்கும் ஒரே பூத்துல டியூட்டி விழுந்துச்சு. தொட்டியம் தாண்டி, காவேரிக் கரையில வாழைத்தோட்டத்துக்கு நடுவுல கோரைப்படுகைன்னு ஒரு குடியிருப்பு. வாழைத்தார் வெட்டற, சுமக்கற ஜனங்க. அவருதான் பூத்துக்குத் தலைமை அதிகாரி. நான் மை வெச்சு ரெஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கற ஆளு.

முந்தின நாள் சாயங்காலம் பெட்டியும் சாமானுமா அந்த ஆரம்பப் பள்ளிக்கூடத்துல போய் இறங்கினா, வாசல் தெளிச்சுக் கோலம் போட்டிருக்காங்க! எலக்‌ஷன் பூத்துக்குக் கோலம் போட்டு நான் அன்னிக்குத்தான் பாத்தேன். போட்டது பவுனம்மாள். அறுபது வயசு இருக்கும். தார் சுமந்து சுமந்து ஒரு பக்கத் தோள் இறங்கிப் போயிருந்துச்சு. அந்த அம்மாதான் எங்களுக்குக் கதையைச் சொன்னாங்க.

அது வரைக்கும் கோரைப்படுகைக்குன்னு தனி பூத் கிடையாதாம். நாலு கிலோமீட்டர் நடந்து பக்கத்துப் பெரிய ஊருக்குப் போகணும். அங்க ஊர்க்காரங்க போட்டு முடிச்சப்புறம்தான் படுகை ஆளுங்களை வரிசையில விடுவாங்களாம். கேட்டா அடி. பவுனம்மாள் நாலு எலக்‌ஷனுக்குப் போயிருக்காங்க. ரெண்டு தடவை நேரம் முடிஞ்சு போச்சுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ரெண்டு தடவை உள்ள போனப்ப, "உன் ஓட்டு விழுந்தாச்சே"ன்னு சிரிச்சிருக்காங்க. வேற யாரோ கைநாட்டு வெச்சுப் போட்டுட்டுப் போயிருக்கான். அதுக்கப்புறம் ஏழு வருஷம், திங்கக்கிழமை திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு. ஒரு நாள் கூலி போச்சேன்னு பாக்காம பஸ் ஏறி வந்து மனு. கடைசியில குடுத்துட்டாங்க, அறுநூத்தி எழுபத்தஞ்சு ஓட்டுக்குத் தனி பூத்.

"இது வரைக்கும் என் ஓட்டை நான் போட்டதே இல்ல சார்"னாங்க. "நாளைக்குத்தான்."

சார் கையிலிருந்த பெட்டியைக் கீழ வெச்சாரு. "நாளைக்குப் போடுவீங்கம்மா. நான் இருக்கேன்"னாரு. மாதாவே, அந்த வார்த்தையை அவரு சொல்லாம இருந்திருக்கலாம்!

காலையில ஏழு மணிக்கு ஓட்டுப்பதிவுன்னா, அஞ்சரைக்கே கட்சி ஏஜெண்ட்டுங்க முன்னாடி ஒத்திகை ஓட்டு நடத்தணும். மாக் போல்னு பேரு. எந்த பட்டனை அமுக்கினா அந்தச் சின்னத்துக்குத்தான் விழுதுன்னு அம்பது ஓட்டு போட்டுக் காமிக்கணும். காமிச்சு முடிச்சதும் மெஷின்ல க்ளோஸ், ரிசல்ட், க்ளியர்னு மூணு பட்டனையும் வரிசையா அமுக்கி அந்த அம்பதையும் அழிச்சிடணும். யாருக்கு ஓட்டு விழுந்துச்சுன்னு பக்கத்துப் பெட்டியில அச்சாகி விழுந்த சீட்டையும் எடுத்து உறையில போட்டு சீல் வெச்சிடணும். அப்புறம் மெஷின் பூஜ்யம் காட்டும். மெஷின்ல அந்தப் பட்டனுங்களுக்கு மேல இருக்கிற சின்னக் கதவைச் சாத்தி சீல் வெச்சா, எண்ணற அன்னிக்குத்தான் திறக்கலாம். சார் இதையெல்லாம் அட்சரம் பிசகாம செஞ்சாரு. நாலு ஏஜெண்ட் பாத்தாங்க. பூஜ்யத்தையும் பாத்தாங்க. கையெழுத்து போட்டாங்க. மணி ஆறரை. கதவைச் சாத்தி சீல் வெக்கறது மட்டும்தான் பாக்கி.

அந்த நேரத்துல வந்தாரு சின்னையன். ஒரு சுயேச்சை வேட்பாளரோட ஏஜெண்ட். வண்டி பஞ்சராம். மூச்சு வாங்க உள்ள வந்து, "நான் வராம எப்படி சார் முடிச்சீங்க? எங்க சின்னத்துக்கு ஓட்டு விழுதான்னு நான் பாக்க வேண்டாமா?"ன்னாரு. நியாயமா, கால் மணி நேரம் காத்திருந்தாச்சு, இனிமே முடியாதுங்கன்னு சொல்ல சாருக்கு உரிமை இருக்கு. நான்கூட, "இவ்வளவு நேரம் எங்க போனீங்க?"ன்னு கேட்டேன். சார் என்னைக் கையமர்த்திட்டாரு. "பாவம் டீச்சர், அவரும் பாக்கட்டும்." ஒரு சின்னத்துக்கு மட்டும் போட்டா மத்தவங்க கேப்பாங்களேன்னு, பதிமூணு வேட்பாளருக்கும் நோட்டாவுக்கும் ஆளுக்கு ஒண்ணா பதினாலு ஓட்டு திரும்பப் போட்டுக் காமிச்சாரு. சின்னையனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

வெளியில வரிசை பள்ளிக்கூட வாசலைத் தாண்டிப் போயிருந்துச்சு. முதல் ஆளு பவுனம்மாள், நாலு மணிக்கே வந்து நிக்கறாங்க. வாசப்படியிலேருந்து எட்டிப் பாத்து, "சார், ஏழு ஆகப்போகுதே. இங்கயுமா எங்களைக் காக்க வெப்பீங்க?"ன்னு கேட்டாங்க. கோவமா கேக்கல, பயந்துபோய் கேட்டாங்க.

சாருக்குப் பதறிப் போச்சு. "இதோ, இதோம்மா, சரியா ஏழுக்கு"ன்னு சொல்லிக்கிட்டே கதவைச் சாத்தினாரு, அரக்கை உருக்கினாரு, சீலை வெச்சாரு. அந்தப் பதினாலை அழிக்கணும்னு அவருக்குத் தோணல. எனக்கும் தோணல. அஞ்சு ஏஜெண்ட் உக்காந்திருந்தாங்களே, அதுல ஒருத்தருக்கும் தோணல. ஏழு மணி அடிக்க பவுனம்மாள் உள்ள வந்தாங்க. நான்தான் மை வெச்சேன். மறைப்புக்குள்ள போய் ரொம்ப நேரம் நின்னாங்க. பீப் சத்தம் கேட்டதும் வெளியில வந்து, "விழுந்துருச்சா சார்?"னாங்க. "விழுந்துருச்சும்மா"ன்னாரு சார். அந்த அம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு அழுதுகிட்டே போனாங்க. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு.

ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எத்தனை ஓட்டுன்னு மேல சொல்லணும். ஒம்பது மணிக்கு மெஷின்ல டோட்டலை அமுக்கினா நூத்தி பன்னெண்டு. என் ரெஜிஸ்டர்ல தொண்ணூத்தி எட்டு. "என்ன டீச்சர், பதினாலு பேரை விட்டுட்டீங்களா?"ன்னு கேட்டாரு. கேட்டவரு, கேட்டு முடிக்கறதுக்குள்ள பேயறைஞ்ச மாதிரி ஆயிட்டாரு. பதினாலுங்கற நம்பரை அவரு வாய்தான் சொல்லுச்சு, அதுக்கப்புறம்தான் மண்டையில ஏறிச்சு. 

உடனே ஜோனல் ஆபீசருக்கு போன் போட்டாரு. பரக்கத் அலின்னு ஒரு டெபுடி தாசில்தார். நல்ல மனுஷன்தான். சார் ஒண்ணையும் மறைக்கல, நடந்ததை நடந்தபடி சொன்னாரு. "சார், இந்த மெஷினை மாத்திக் குடுங்க. போனது போகட்டும், இனிமே வர்ற ஐநூத்தி சொச்சம் பேரு ஓட்டாவது பிழைக்கும்"னு கெஞ்சினாரு. பரக்கத் அலி சார், "வேற பூத்துல மெஷின் ரிப்பேர்னு ரிசர்வ் மெஷின் ரெண்டும் காலையிலேயே அங்க போயிடுச்சு சார். மேல கேட்டுட்டேன், நிறுத்தாம நடத்தச் சொல்றாங்க. நீங்க ரிப்போர்ட் எழுதி வைங்க"ன்னாரு. ஜனங்க வந்துக்கிட்டே இருக்காங்க. கைக்குழந்தையோட வராங்க, தார் வெட்டின கறையோட வராங்க. கெட்டுப் போன மெஷின்னு தெரிஞ்சே ஒவ்வொருத்தரையும் உள்ள அனுப்பறோம். சார் ஒவ்வொருத்தர் முகத்தையும் பாத்துக்கிட்டே இருந்தாரு. மத்தியானம் சோத்தைத் தொடல.

சாயங்காலம் அஞ்சரைக்கு எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. சொல்லிடறேன், மறைக்க என்ன இருக்கு. அறுநூத்தி முப்பத்தி நாலு பேர் போட்டாச்சு. பாக்கி நாப்பத்தோரு பேர் திருப்பூருக்கு வேலைக்குப் போனவங்க, இனிமே வரப் போறதில்ல. அதுல பதினாலு பேர் பேரை ரெஜிஸ்டர்ல எழுதி, பதினாலு கைநாட்டை வெச்சிட்டா, மெஷினும் ரெஜிஸ்டரும் சரியாப் போயிடும். கூட விழுந்தது எல்லாருக்கும் ஒண்ணு ஒண்ணு. யாருக்கும் லாபமும் இல்ல, நஷ்டமும் இல்ல. அறுநூத்தி முப்பத்தி நாலு ஓட்டும் பிழைச்சுக்கும். நான் மெதுவா ஏஜெண்ட்டுங்ககிட்ட சொன்னா, காலையிலேருந்து ஒருத்தனை ஒருத்தன் முறைச்சிக்கிட்டிருந்த அஞ்சு பேரும் ஒரே குரல்ல சரிங்கறாங்க! சின்னையன் கட்டை விரலையே நீட்டிட்டாரு, "நானே வெக்கறேன் டீச்சர்"னு.

சார் ரெஜிஸ்டரை என் கையிலேருந்து வாங்கி மூடிட்டாரு.

"டீச்சர், வராத ஆளு பேருல கைநாட்டு வெச்சா அதுக்குப் பேரு என்ன?"

"சார், இது வேற..."

"கள்ள ஓட்டு டீச்சர். இந்த ஊரு எதுக்காக ஏழு வருஷம் மனு குடுத்துச்சு? இந்த ஊர்லயே உக்காந்துக்கிட்டு, இந்த ஊர் ஜனங்களுக்கே அதை நாம செய்யறதா? திருப்பூர்லேருந்து ஒருத்தன் கடைசி நிமிஷத்துல ஓடி வந்து நின்னா, உன் ஓட்டு விழுந்தாச்சேன்னு சொல்லுவீங்களா?"

  ஆறு மணி வரைக்கும் ஒருத்தனும் ஓடி வரல. சார் கணக்கு எழுதற ஃபாரத்துல உண்மையான நம்பரை எழுதினாரு. மெஷின்ல அறுநூத்தி நாப்பத்தெட்டு, வந்தவங்க அறுநூத்தி முப்பத்தி நாலு, வித்தியாசம் பதினாலு, காரணம் என் கவனக்குறைவு. அப்படியே எழுதினாரு. சரின்னா சரி, தப்புன்னா தப்பு, அவரு கணக்கு வாத்தியார். பெட்டியை வண்டியில ஏத்தும்போது பவுனம்மாளும் பத்து பொம்பளைங்களும் நின்னாங்க. "பத்திரமா கொண்டு போய்ச் சேத்துருங்க சார்"னாங்க. சார் தலையை ஆட்டினாரு.

மறு ஓட்டுப்பதிவு வெப்பாங்கன்னு நம்பினோம். வெக்கல. அப்புறம்தான் பரக்கத் அலி சார் விளக்கிச் சொன்னாரு. இந்த மாதிரி கணக்கு ஒத்துப் போகாத மெஷினை எண்ணும்போது தனியா எடுத்து வெச்சிடுவாங்களாம். மத்த எல்லா பூத்தையும் எண்ணி முடிச்சப்புறம், ஜெயிச்சவருக்கும் தோத்தவருக்கும் உள்ள வித்தியாசம் அந்த பூத்துல விழுந்த ஓட்டைவிடக் கம்மியா இருந்தா மட்டும், பெட்டியில விழுந்த சீட்டை எடுத்து எண்ணுவாங்க. வித்தியாசம் அதிகமா இருந்தா, அதை எண்ணினாலும் எண்ணாட்டாலும் முடிவு மாறப் போறதில்லன்னு அப்படியே விட்டுடுவாங்க. "லீடிங் நல்லா ஏறிடும், உங்களுக்கு ஒரு பிரச்சினையும் வராது, நிம்மதியா இருங்க"ன்னாரு. அவரு ஆறுதலாத்தான் சொன்னாரு. சார் அன்னிலேருந்து தூங்கல. யமுனா எனக்கு போன் பண்ணி, "இவரு என்னக்கா, உக்காந்த எடத்துலயே உக்காந்திருக்காரு, கூப்பிட்டா காது கேக்க மாட்டேங்குது"ன்னு அழுதாங்க.

எண்ணற அன்னிக்கு உள்ள போக எங்களுக்குப் பாஸ் கிடையாது. எண்ணற காலேஜுக்கு எதிர்ல ஜூஸ் கடை ஓரமா நின்னோம். மே மாச வெயில், திருச்சி வெயில், கேக்கணுமா? ஒவ்வொரு ரவுண்டுக்கும் மைக்குல சொல்லுவாங்க. மொத்தம் இருபது ரவுண்டு. சுத்தி கட்சிக்காரங்க அவங்கவங்க ஆளு ஜெயிக்கணும்னு தவிக்கறாங்க. இந்த மனுஷன் ஒருத்தர்தான் யாரு ஜெயிச்சாலும் சரி, வித்தியாசம் மட்டும் அறுநூத்தி முப்பத்தி நாலுக்குக் கீழ இருக்கணும்னு தவிச்சிக்கிட்டு நின்னாரு. பன்னெண்டாவது ரவுண்டுல ரெண்டாயிரம். எனக்கு நம்பிக்கை போச்சு. பதினஞ்சுல ஆயிரத்தி நூறு. பதினேழுல நானூத்தி தொண்ணூத்தி எட்டு!

சார் என் கையைப் புடிச்சிட்டாரு. இருபத்தி மூணு வருஷத்துல அவரு என் கையைத் தொட்டது கிடையாது. "எண்ணுவாங்க டீச்சர். ஒவ்வொரு சீட்டா எடுத்து எண்ணுவாங்க"ன்னாரு. கண்ணுல தண்ணி. நான் சகாய மாதாவுக்கு மெழுகுவத்தி நேந்துக்கிட்டேன். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், ரங்கநாதருக்கும் நேந்துக்கிட்டேன்.

பதினெட்டுல அறுநூத்தி ஒண்ணு. பத்தொம்பதுல அறுநூத்தி நாப்பது. கடைசி ரவுண்டு முடிஞ்சு, தபால் ஓட்டும் சேந்து, அறுநூத்தி எண்பத்தொம்பது. பட்டாசு வெடிச்சாங்க. எங்களுக்குப் பக்கத்துல ஒருத்தன் ஜூஸ் கடைக்காரருக்கே லட்டு ஊட்டறான். சாருக்கும் ஒண்ணு நீட்டினான். சார் அதை வாங்கிக் கையில வெச்சிக்கிட்டு அப்படியே நின்னாரு. பரக்கத் அலி சார் போன் பண்ணி, "அல்ஹம்துலில்லாஹ், தப்பிச்சீங்க சார்"னாரு.

நிஜமாவே தப்பிச்சுட்டாரு. அதான் கொடுமை. மெமோ வரும், சஸ்பெண்ட் பண்ணுவாங்க, விசாரணைக்குக் கூப்பிடுவாங்கன்னு பதில் எல்லாம் எழுதி ஃபைல்ல வெச்சிருந்தாரு. ஒரு ஈ காக்கா கேக்கல. இனிமே கவனமா இருக்கவும்னு ரெண்டு வரியில ஒரு லெட்டர் வந்துச்சு. அறுநூத்தி முப்பத்தி நாலு பேர் வெயில்ல நின்னு போட்ட ஓட்டு ஒரு ரூமுக்குள்ள பெட்டியோட பெட்டியா கிடக்குது, அதைப் பத்திக் கேக்க ஒரு நாதியில்ல.  சார் அந்த லெட்டரை மடிச்சு, "நான் போய்ச் சொல்லணும் டீச்சர்"னாரு.

"யாருகிட்ட?"

"பவுனம்மாகிட்ட. நான் இருக்கேன்னு சொன்னேன் இல்ல?"

கரடியா கத்தினேன். "சார், அவங்களுக்குத் தெரியாது, தெரியவும் வராது. பேப்பர்ல போடல, டி.வி.யில சொல்லல. விடுங்க சார்"னேன். கேட்டாதானே! சனிக்கிழமை சத்திரம் பஸ் ஸ்டாண்டுல முசிறி வழியாப் போற பஸ்ஸுல ஏறி உக்காந்துட்டாரு. தனியா விட மனசு வராம நானும் ஏறிட்டேன்.

படுகை ரோட்டோரம் லாரியில தார் ஏத்திக்கிட்டிருந்தாங்க. பவுனம்மாள் எங்களைப் பாத்ததும் தலையிலிருந்த சும்மாட்டைக் கழட்டிக்கிட்டு ஓடி வந்தாங்க. "டீச்சரம்மா! சார்! வாங்க வாங்க"ன்னு. சார் அவங்களைக் கொஞ்சம் தள்ளி ஒரு வாழைத்தோட்ட ஓரமா கூப்பிட்டுப் போய், நின்னபடியே சொன்னாரு. ஒத்திகை ஓட்டு, அந்தப் பதினாலு, தனியா வெச்ச மெஷின், எல்லாத்தையும். பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லித் தர்ற மாதிரி ஒண்ணொண்ணா சொன்னாரு. ஓட்டுப்பதிவு அன்னிக்குக் காலையில இவங்க வாசப்படியிலேருந்து அவசரப்படுத்தினதை மட்டும் சொல்லல. "தப்பு முழுக்க என்னோடதும்மா"ன்னு முடிச்சாரு.

அந்த அம்மா கையிலிருந்த சும்மாட்டை உதறி மடிச்சாங்க. அப்புறம் கேட்டாங்க.

"எல்லாருக்கும் ஒண்ணு ஒண்ணுதானே சார் கூட விழுந்துச்சு? ஒண்ணு ஒண்ணைக் கழிச்சுட்டா போச்சு. எனக்கே தெரியுதே."

"சட்டத்துல அப்படிக் கழிக்க எடமில்லம்மா."

"சரி, சீட்டு விழுந்துச்சுல்ல? அதை எண்ணியிருக்கலாமே?"

"வித்தியாசம் அதிகம்மா. எண்ணினாலும் முடிவு மாறாதுன்னு விட்டுட்டாங்க."

"முடிவு மாறாதுன்னா எண்ண வேண்டாமா சார்?" அந்த அம்மா குரல் ஏறல, இறங்கிச்சு. "நான் முடிவை மாத்தறதுக்கா சார் போட்டேன்? அவரு ஜெயிச்சாலும் இவரு ஜெயிச்சாலும் நான் தார்தான் சுமக்கப் போறேன். நானும் ஒருத்தின்னு எண்ணட்டும்னுதானே சார் போட்டேன்."

சார் கையெடுத்துக் கும்பிட்டாரு. இருபத்தேழு வருஷ சர்வீஸ் உள்ள வாத்தியார், தோட்டத்து வரப்புல நின்னு, கைநாட்டு வெக்கற ஒரு அம்மாவைக் கும்பிட்டு அழறாரு. நான் வேற பக்கம் திரும்பிக்கிட்டேன்.

பவுனம்மாள் லாரிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பாத்தாங்க. அங்க அவங்க ஜனங்க சிரிச்சுப் பேசிக்கிட்டு ஏத்திக்கிட்டிருக்காங்க.

"சார், என்கிட்ட சொல்லிட்டீங்க. என்னோட போகட்டும். அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. எங்க ஓட்டும் எண்ணியாச்சுன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. இதைக் கேட்டாங்கன்னா அடுத்த தடவை ஒருத்தரும் வாசப்படி தாண்ட மாட்டாங்க. என் மேல ஆணையா சொல்லிடாதீங்க சார்."

திரும்பி நடந்தோம். லாரியை நெருங்கினப்ப, மேல நின்னு தார் வாங்கி அடுக்கிக்கிட்டிருந்த ஒரு பையன் சாரை அடையாளம் கண்டுக்கிட்டான். செல்லக்கண்ணுன்னு கூப்பிட்டாங்க அவனை, பதினெட்டு முடிஞ்சு இந்தத் தடவைதான் முதல் முதலா ஓட்டு போட்டவன். "சார்! எங்க படுகையில எத்தனை பர்சென்ட் சார்?"னு கத்தினான்.

"தொண்ணூத்தி நாலு"ன்னாரு சார்.

எல்லாரும் கை தட்டினாங்க. "பாத்தியா"ன்னு ஒருத்தரை ஒருத்தர் தட்டிக்கிட்டாங்க. அந்தப் பையன் விடல. "ஜெயிச்சவரு எழுநூறு ஓட்டுலதானே சார் ஜெயிச்சாரு? அப்ப எங்க ஓட்டுலதானே சார் ஜெயிச்சாரு?"

பவுனம்மாள் சாரைப் பாத்தாங்க. நானும் பாத்தேன். பதினாலு கைநாட்டுக்கு ஒத்துக்காத மனுஷன்.

"ஆமாப்பா"ன்னாரு அன்புச்செல்வன் சார். "உங்க ஓட்டுலதான்."